முப்பத்தொரு பேரின் பாதி மூச்சு

கதவோரம் ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் உறவுகளே, நம்மைவிட்டுப் பிரிந்த சகோதரியின் கணவரே, மகளே, மருமகனே, மூன்று ஷிப்டிலிருந்தும் வந்திருக்கும் செவிலியர்களே, ஸ்கேன் அறைத் தோழர்களே, கடைசியாக மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். மேடையிலிருந்து தொடங்குவதுதான் முறை. முறை தெரியாமல் மாற்றவில்லை. நம் சகோதரி இருபத்தாறு ஆண்டுகள் யாரை முதலில் கவனித்தாரோ அவர்களை முதலில் அழைத்தேன்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். நான் இந்த மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர். அவர் எடுத்த ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயாளிகளிடம் முடிவு சொல்கிறவன். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நல்ல வார்த்தைகளை எனக்கு முன் பேசியவர்கள் தீர்த்துவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது உண்மை மட்டும்தான். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாது.

எப்போதும் சிரித்த முகம் என்று ஒருவர் பேசினார். யாரைச் சொன்னார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். நம் மூத்த சி.டி. ஸ்கேன் டெக்னீசியன் சிரித்த முகமா? அவர் முசுடு. ஸ்கேன் அறை வாசலில் செருப்போடு நின்றதற்காக இயக்குநரையே வெளியே அனுப்பியவர். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை என்று இன்னொருவர் சொன்னார். அதிர்ந்து பேசாமலா இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிவரை அவர் குரல் கேட்டது? "இழுங்க, இன்னும் இழுங்க, இன்னும் கொஞ்சம், பிடிங்க, பிடிங்க, விட்டுறாதீங்க" என்ற அந்தக் குரலைக் கேட்டுக் காய்கறிக் கடைக்காரர்கூடத் தெருவில் தன்னை அறியாமல் மூச்சைப் பிடிப்பாராம். அதனால்தான் அவருக்குத் 'தம் அக்கா' என்று பெயர் வந்தது. சிகரெட்டுத் தம் அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைத் தம் பிடிக்க வைத்தவர் என்று நாங்களே கேலி செய்வோம். அவருக்கு அது தெரியும். கேலியில் சேர்ந்துகொண்ட நோயாளி அடுத்த முறை ஸ்கேனுக்கு வரும்போது கூட இரண்டு தடவை மூச்சிழுக்க வைப்பார்.

எதற்காக அந்தக் கூச்சல்? இங்கே வந்திருக்கும் எல்லோரும் மருத்துவர்கள் இல்லை, ஆகவே எளிமையாகச் சொல்கிறேன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவரைக் குழாயில் ஊதச் சொல்லிச் சோதிக்கிறோம். வீட்டு வாசல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அந்த ஊதல் சோதனை சொல்லும். உள்ளே எந்த அறையில் சுவர் இடிந்திருக்கிறது, எத்தனை சுவர் இடிந்திருக்கிறது என்பதைச் சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம், வெறும் காற்றுக்குக் கழித்தல் ஆயிரம். கழித்தல் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கும் கீழே போன இடங்களில் நுரையீரல் திசு அழிந்து காற்று மட்டும் தேங்கியிருக்கிறது என்று கணக்கு. நுரையீரலில் நூற்றுக்கு எத்தனை பங்கு அப்படி அழிந்திருக்கிறது என்று அளந்து, சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நோய் ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. நோயாளி முழு மூச்சை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரல் விரியாது, காற்று குறைவாக இருக்கும், எண்கள் மேலே ஏறும், அழிந்த பகுதி குறைந்துவிட்டது போலத் தெரியும். நோய் அப்படியே இருக்கும், படம் மட்டும் தேறிவிடும். "பாதி மூச்சுல எடுத்த படம் பாதிப் பொய் டாக்டர். முழுப் பொய்னா கண்டுபிடிச்சுரலாம்" என்று அவர் என்னிடம் எத்தனை முறை சொன்னார்! நான் எத்தனை முறை தலையாட்டினேன்!

ஆகவே ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு போட்டார். எந்த நோயாளியும் அந்தப் பெஞ்சைத் தாண்டாமல் இயந்திரத்துக்குப் போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் ஒரு கை, விலாவில் ஒரு கை வைத்து மூன்று முறை ஒத்திகை பார்ப்பார். மூச்சிழுக்கச் சொன்னால் ஆண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "வயித்த எக்காதீங்க, இது பொண்ணு பாக்க வந்த எடமில்ல" என்பார். நோயாளி சிரிப்பார், சிரித்தால் இருமுவார், இருமல் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்பு, தண்ணீர் நிரப்பிய உருளையை ஸ்கேன் மேசையில் வைத்து, இயந்திரம் தண்ணீருக்குப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். காட்டாவிட்டால் யார் சிபாரிசோடு வந்தாலும் அன்று ஸ்கேன் கிடையாது.

அவர் கணவர் தையற்காரர். நேற்று என்னிடம் சொன்னார்: "நான் மார்பளவு எடுக்கறப்ப மூச்ச விட்டுட்டு நில்லுங்கம்பேன். அவ இழுத்துட்டு நில்லுங்கம்பா. இருபத்தாறு வருஷமா ரெண்டு பேரும் மார்பளவுதான் எடுத்தோம், ஒரு நாளும் ஒத்துப் போகல." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். பதினாறு நாட்களுக்கு முன் தம் அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பி, வீட்டு மாடிப்படியில் மாரடைப்பால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தேழு வயது. அன்று அவருக்காகப் பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

இப்படி வேலை செய்தவருக்கு நாம் என்ன செய்தோம்? மெமோ கொடுத்தோம். ஒன்றல்ல, மூன்று. ஒரு நோயாளிக்கு எட்டு நிமிடம் என்பது நிர்வாகத்தின் விதி, இவர் இருபது நிமிடம் எடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அவர் எழுதிய பதிலை நான் படித்திருக்கிறேன். 'மூச்சு வாங்குகிறவர் கதவிலிருந்து மேசைக்கு நடந்து வரவே ஐந்து நிமிடம் ஆகிறது. மீதி மூன்று நிமிடத்தில் சட்டை கழற்றலாம்.' திமிரான பதில் என்று கோப்பில் குறிப்பு எழுதினார்கள். அதிலே திமிர் எங்கே இருக்கிறது? கணக்கல்லவா இருக்கிறது?

சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காக அவர் ஆறு வாரம் விடுப்பில் போனார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் எடுத்த ஒரே நீண்ட விடுப்பு. போன மூன்றாம் நாள் பெஞ்சு கிடங்குக்குப் போனது. மூச்சிழுக்கச் சொல்ல இயந்திரத்திலேயே பதிவு செய்த குரல் ஒன்று இருந்தது, அதை இயக்கிவிட்டார்கள். அந்தக் குரல் மிக மரியாதையானது. 'மூச்சை உள்ளே இழுக்கவும்' என்று சொல்லும். இழுத்தாரா இல்லையா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. அந்த ஆறு வாரத்தில் ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம் என்று சாதனை படைத்தோம். ஸ்கேன் துறைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது, மாட்டியிருக்கிறார்கள், போகும்போது பாருங்கள்.

அதே ஆறு வாரத்தில்தான் என் நோயாளிகள் நாற்பத்துநான்கு பேருக்கு மறு ஸ்கேன் எடுத்தார்கள். புதிய மருந்தும் பயிற்சியும் கொடுத்து நான் ஓராண்டு நடத்திய திட்டம் அது. முடிவு வந்தது. முப்பத்தொரு பேருக்கு அழிந்த பகுதி குறைந்திருந்தது! அழிந்த திசு திரும்ப வளராது என்று முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எண்கள் என் பக்கம் நின்றன, ஆசை வெட்கமறியாது. நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்து, உங்களுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது என்றேன். மாநாட்டில் பேச இடம் கேட்டேன், கொடுத்தார்கள்.

மாநாட்டுக்கு நான்கு நாள் முன்பு தம் அக்கா விடுப்பு முடிந்து வந்தார். வந்ததும் முதலில் பேரக்குழந்தை படத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் முப்பத்தொரு பேரின் படங்களைத் திறந்து, நான் பார்க்காத ஒரு எண்ணைக் காட்டினார். ஸ்கேன் எடுத்த நொடியில் நுரையீரலில் எத்தனை லிட்டர் காற்று இருந்தது என்ற எண் அது. முதல் ஸ்கேனைவிட ஒவ்வொருவருக்கும் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் குறைவு.

"டாக்டர், நோய் குறையல. மூச்சுதான் குறைஞ்சிருக்கு."

மீதிப் பதின்மூன்று பேரையும் திறந்தார். அவர்கள் எல்லோரும் முழு மூச்சு இழுத்திருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் முன்னேற்றம் இல்லை. நன்றாக மூச்சிழுத்தவனுக்கு மருந்து வேலை செய்யவில்லை, பாதி இழுத்தவனுக்கு வேலை செய்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் எனக்கு? நான் என்ன சொன்னேன் தெரியுமா? திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மாநாட்டுக்குப் போனேன். பேசினேன். கேடயம் வாங்கினேன்.

நான் திரும்பி வந்த பிறகு தம் அக்கா வந்து, அந்த முப்பத்தொரு பேருக்கும் போன் செய்து சொல்லிவிடலாமே என்று கேட்டார். நோயாளியிடம் முடிவைச் சொல்வது டெக்னீசியன் வேலை இல்லை என்று கடுமையாகச் சொல்லி அனுப்பினேன். விதி அப்படித்தான் இருக்கிறது. அந்த விதி இருப்பது எனக்கு அன்று எவ்வளவு சௌகரியமாக இருந்தது! அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'டாக்டர், அந்த 31' என்று மட்டும் எழுதியிருக்கும். திட்டு இல்லை, வணக்கம் இல்லை. பதினொரு சீட்டு வந்தது. பதினொன்றையும் இழுப்பறைக்குள் போட்டேன்.

இப்போது எனக்கும் ஒரு சீட்டு வந்திருக்கிறது. இயக்குநரின் உதவியாளர் தந்திருக்கிறார். எனக்கான நேரம் முடிந்து எட்டு நிமிடம் ஆகிவிட்டதாம். இந்த மருத்துவமனைக்கு எட்டின் மேல் அப்படி என்ன பிரியம்? மன்னிக்க வேண்டும், தம்பி. இந்தச் சீட்டையும் இழுப்பறையில் போடுகிறேன், எனக்குப் பழக்கம்தான்.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் வெல்டர். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர். முதல் ஸ்கேனில் நூற்றுக்கு முப்பது பங்கு அழிந்திருந்தது, இரண்டாவதில் இருபத்திரண்டு. நான் கைகுலுக்கினேன். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார், குறைந்துவிட்டதே என்று இன்ஹேலரை நிறுத்தினார், மூடிய ஷெட்டுக்குள் பழையபடி புகையில் நின்றார். ஐந்தாம் மாதம் உதடு நீலமாகித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் முகமூடியை ஒரு நிமிடம் விலக்கி என்னிடம் கேட்டார்: "நீங்கதான டாக்டர் குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நான் முகமூடியைத் திரும்பப் பொருத்தினேன். மூன்றாம் நாள் இறந்தார்.

அந்தத் தவறான அளவால்தான் இறந்தார் என்று நிரூபிக்க முடியாது என்று ஒரு சக மருத்துவர் எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மைதான், நிரூபிக்க முடியாது. எத்தனை பேர் இந்த 'நிரூபிக்க முடியாது' என்பதற்குள் ஒண்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம்! அன்று தம் அக்கா என் அறைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "ஒரு போன் டாக்டர். நானே பண்ணியிருக்கணும். ரூலப் பாத்துட்டு இருந்துட்டேன்" என்றார். அவர் தவறு என்று அவர் அதைச் சுமந்தார். என் தவறை அவர் சுமந்துகொண்டு போனார். இதை அவர் கணவரும் மகளும் என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இன்று இந்த ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா? பாதி திருந்தினேன். எனக்குப் பாதிதான் வரும் போலிருக்கிறது. முப்பத்தொரு பேரின் அறிக்கையையும் திருத்த வேண்டும் என்று கோப்பு எழுதி இயக்குநருக்கு அனுப்பினேன். தர ஆய்வுக் குழு வந்து போகட்டும், அதுவரை பொறுங்கள் என்றார். குழு வந்தது, அந்தப் பாராட்டுச் சான்றிதழின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டது, போனது. கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. ஆறு மாதமாகப் பரிசீலிக்கிறோம். இயக்குநர் அவர்களே, ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் என்றால் உங்களுக்குப் பொறுக்கவில்லை, ஒரு கோப்புக்கு ஆறு மாதம் பொறுக்கிறதா? அவரைத் தாமதக்காரர் என்றீர்கள். நாம் யார்?

தம் அக்கா விடுப்பு முடிந்து வந்த அன்றே கிடங்கிலிருந்து பெஞ்சைத் தானே இழுத்து வந்து போட்டார். அவர் இறந்த ஆறாம் நாள் அது மறுபடி கிடங்குக்குப் போய்விட்டது. அந்த மரியாதையான குரல் மறுபடி பேசுகிறது. நேற்று அவருடைய படத்துக்கு மாலை வாங்கி வர இரண்டு பேரை அனுப்பினோம். அந்த இரண்டு பேரைக்கொண்டு பெஞ்சைத் தூக்கி வந்திருக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாகச் சபதம் செய்ய வேண்டும். அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். எந்தப் பணி என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும் பெஞ்சை எடுத்து வரப் போகிறேன், ஒரு முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இனி காற்றின் லிட்டர் அளவு எழுதாத எந்த நுரையீரல் அளவீட்டிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மாநாட்டுக் குழுவுக்கு என் முடிவு தவறு என்று இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன், கேடயமும் கூடவே போய்விட்டது. என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும். மெமோ வாங்குவது எப்படி என்று எனக்கு ஒருவர் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அந்த முப்பத்தொரு பேரில் நான்கு பேர் இப்போது இல்லை. நாளைக் காலை முதல் இருபத்தேழு பேரையும் நானே கூப்பிட்டுப் பேசுவேன். கோப்பு வரும்வரை காத்திருக்க மாட்டேன். ஆனால் நாளைவரைகூடத் தள்ளிப்போட எனக்கு உரிமையில்லாத ஓர் அழைப்பு இருக்கிறது. வெல்டரின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எனக்காக வரவில்லை, தன் கணவருக்கு மூச்சிழுக்கச் சொல்லிக் கொடுத்த பெண்ணுக்காக வந்திருக்கிறார். அம்மா, நான் இவ்வளவு நேரம் பேசியது உங்கள் வீட்டைப் பற்றி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்கவில்லை. தம் அக்கா மாதாமாதம் எழுதிக் கேட்டும் உங்கள் கணவருக்கு நான் செய்யாத போன் ஒன்று உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாத போன். அவர் பெயரால் அதை இப்போது பேசிவிட்டு இறங்குகிறேன்.

ஐயா, நான் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசுகிறேன். உங்கள் ஸ்கேன் அளவு தவறு. உங்களுக்கு நோய் குறையவில்லை. மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.